பின்னக் குவாண்டம் ஹால் விளைவு

ஆங்கிலத்தில் fractional quantum Hall effect எனப்படும் இயற்பியல் நிகழ்வுக்குத் தமிழில் எந்தச் சொற்கள் பொருந்தும்? தலைப்பிலுள்ள நான்கில் மூன்று சொற்கள் தொல்லை தருவதில்லை. 'ஹால்' ஆளின் பெயர். காந்தப்புலத்தில் வைத்த மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் பாயும்போது குறுக்கே மின்னழுத்தம் எழுவதை 1879இல் கண்டவர் எட்வின் ஹால். ஆகவே 'கூடம்' வேண்டாம். 'விளைவு' நிலைத்துவிட்ட சொல். 'குவாண்டம்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'எவ்வளவு' என்று பொருள். 'குவையம்' என்றும் எழுதுவதுண்டு. இங்கே அது ஹால் மின்தடை (அந்தக் குறுக்கு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது) காந்தப்புலம் கூடும்போது சீராக ஏறாமல் படிப்படியாக நிற்பதைச் சுட்டுகிறது. 1980இல் கிரெனோபிளில் கிளவுஸ் வான் கிளிட்சிங் கண்ட படிகள், ஏறத்தாழ 25,812.8 ஓமை முழு எண்களால் வகுத்தால் கிடைப்பவை.

சிக்கல் 'பின்னம்' என்பதில்தான். வடமொழியில் 'பின்ன' என்றால் உடைந்தது. சிலை பின்னமாகிவிட்டது என்கிறோமே, அதே சொல். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் உடைத்தலையே குறிக்கும். ஆனால் இந்த விளைவில் எதுவும் உடைவதில்லை!

1982இல் டேனியல் சூயி, ஹார்ஸ்ட் ஸ்டோர்மர், ஆர்தர் கோசார்ட் மூவரும் காலியம் ஆர்சனைடு அடுக்கில் ஒரு தளத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரான்களைப் பற்றிய முடிவை வெளியிட்டார்கள். 1 கெல்வினுக்கும் கீழான குளிரில், கடுமையான காந்தப்புலத்தில், அந்த 25,812.8 ஓமின் மூன்று மடங்கில் புதிய படி ஒன்று தெரிந்தது. காந்தப்பாயத்தின் அடிப்படை அலகைச் சொட்டு என்று கொண்டால், மூன்று காந்தப்பாயச் சொட்டுகளுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கு அது. பெயரிலுள்ள பின்னம் இந்த 1/3தான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கியபடி ஒரே பாய்மமாக நடந்துகொள்கின்றன என்று 1983இல் ராபர்ட் லாஃப்லின் விளக்கினார். அந்தப் பாய்மத்தில் எழும் கிளர்ச்சிக்கே (துகள்போல் நடந்துகொள்ளும் சிறு குலைவுக்கே) எலக்ட்ரானின் மூன்றிலொரு பங்கு மின்னூட்டம். எலக்ட்ரான் முழுசாகவே இருக்கிறது. மின்னோட்டத்தின் இரைச்சலை (அதன் சிறு ஏற்ற இறக்கங்களை) அளந்து 1997இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலும் பிரான்சின் சாக்லேயிலும் இந்த மூன்றிலொரு பங்கு மின்னூட்டத்தை உறுதிசெய்தார்கள். மறுஆண்டு சூயி, ஸ்டோர்மர், லாஃப்லின் மூவருக்கும் நோபல் பரிசு.

அப்படியானால் பழந்தமிழ்க் கணக்கின் 'கீழ்வாயிலக்கம்' பொருந்துமே என்று தோன்றும். உடைசல் வாடையே இல்லாத நல்ல சொல். ஆனால் அது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளுக்கானது. 4/3, 5/2 என்ற இடங்களிலும் படிகள் உண்டு. எனவே என் தேர்வு 'பின்ன'மே. ஆனால் 'பின்ன எலக்ட்ரான்' என்று எழுதக் கூடாது, 'பின்ன மின்னூட்டம்' என்றே எழுத வேண்டும். அதிலும் 5/2 தனி ரகம்: மற்றப் படிகளில் பெரும்பாலானவற்றின் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) ஒற்றைப்படை, 1987இல் அறியப்பட்ட இதன் பகுதியோ இரட்டைப்படை. இதற்கு லாஃப்லினின் விளக்கம் போதவில்லை.