மீ: சொல்லும் பொருளும், அதற்கேற்ற தமிழும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்று ஒன்று உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியா என்று அழைத்தார்கள். தெருவுக்கும் அதுவே பெயராயிற்று. பொழுது சாய்ந்ததும் அந்தத் தெருவோரம் சீனர்களின் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். பக்கத்தில் சில மேசைகள், பிளாஸ்டிக் முக்காலிகள். வண்டி முகப்பில் உள்ள பலகாரப் பெயர்களில் பல 'மீ' என்று முடியும்: வான்டன் (இறைச்சி பொதிந்த சிறு மாவுக் கொழுக்கட்டை) மீ, கறி மீ, ஹொக்கியன் மீ. மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் இது அன்றாடப் பேச்சுச் சொல். தமிழகத்தில் நூடுல்ஸ் என்கிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். சொல்லின் வேரைப் பார்த்தால் ஒன்றல்ல.

'மீ' ஹொக்கியன் பேச்சுவழக்குச் சொல். தென்சீனத்துப் பூஜியன் மாநிலத்திலிருந்து கடல் கடந்தவர்களின் மொழி அது. அதே சொல்லை மாண்டரினில் 'மியென்' என்றும் கன்டோனீயத்தில் 'மின்' என்றும் சொல்வார்கள். ஜப்பானியரின் சூப்பு நூடுல்ஸான ராமென் என்பதன் கடைசியில் இருக்கும் 'மென்' இதே சொல்தான்; சீனத்து 'லாமியென்' ஜப்பானிய வாயில் அப்படி ஆயிற்று, 'லா' என்றால் இழுத்தல். தாய்லாந்தின் 'பாமீ', இந்தோனேசியாவின் 'பாக்மி', மலாயின் 'மி' எல்லாம் இந்தக் குடும்பம்.

இழை என்பது இந்தச் சொல்லின் முதற்பொருள் அல்ல. மாவு, அதுவும் கோதுமை மாவு என்பதே பழம்பொருள். சீன எழுத்தைப் பார்த்தாலே தெரியும்: மரபு வரிவடிவத்தில் இடப்பக்கம் கோதுமையைக் குறிக்கும் குறி இருக்கும், வலப்பக்கத்துக் குறி ஒலிக்காக நிற்பது. ஹான் பேரரசுக் காலத்தில் மாவைப் பிசைந்து செய்த உணவு எல்லாவற்றுக்கும் 'பிங்' என்றே பெயர். சாற்றில் வேகவைத்தது 'சூப்பு பிங்'. மாவுக்குரிய சொல் இழையையும் குறிக்கத் தொடங்கியது பின்னால்தான். ஆனால் இழை என்ற உணவு அந்தச் சொல்லைவிட மிக மூத்தது. சிங்காய் மாநிலத்து லாஜியா அகழாய்வில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்துக்குள் சுமார் 4000 ஆண்டுப் பழமையான இழைகள் இருந்ததாக 2005இல் செய்தி வெளியானது. அவை கோதுமையால் ஆனவை அல்ல, தினை வகைகளால் ஆனவை என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

ஆக, மீ என்ற பெயர் தானியத்தைச் சொல்கிறது. நூடுல்ஸ் என்ற பெயர் வடிவத்தைச் சொல்கிறது. சீனக் கடையில் இது பெரிய வேறுபாடு. அரிசியில் செய்த இழைக்கு மீ என்ற பெயரே கிடையாது. அது 'பீஹூன்': பீ அரிசி, ஹூன் மாவு. அகலமான வெள்ளை நாடாக்கள் 'குவே தியாவ்': குவே என்றால் அரிசிப் பலகாரம், தியாவ் என்றால் கீற்று. சிங்கப்பூரில் கோதுமை இழையிலும் 'மீபோக்', 'மீகியா' என்று பிரித்துக் கேட்பார்கள். முன்னது தட்டை, பின்னது மெல்லியது. எந்த இழை என்று சொன்ன பிறகு, சூப்போடா உலர்வாகவா என்பது அடுத்த கேள்வி.

உலர்வாக ஒரு வான்டன் மீ கேட்டுவிட்டு வண்டிப் பக்கம் நின்று பாருங்கள். கைப்பிடி மஞ்சள் இழையை உதறிப் பிரித்து, நீளக் காம்புள்ள கம்பிக் கூடையில் போட்டுக் கொதிநீரில் முக்குவார். வெந்ததும் தூக்கிப் பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி கொதிநீரில் ஒரு முக்கு. நடுவில் வரும் அந்தக் குளிர்ந்த முக்கில்தான் மேலே படிந்த மாவுப்பசை கழன்று, வேக்காடு நின்று, இழை விறைப்பாகிறது. நீரை ஓங்கி உதறிவிட்டு, சோயா சாறும் எண்ணெயும் ஊற்றி வைத்த தட்டில் கொட்டிப் புரட்டுவார். மேலே கீரை, இறைச்சி வில்லைகள், ஓரத்தில் வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். மஞ்சள் நிறம் முட்டையால் மட்டும் வருவதில்லை. மாவு பிசையும்போது கார உப்பு (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) கரைத்த நீர் சேர்ப்பார்கள். கோதுமையில் இயல்பாக உள்ள நிறப்பொருள் அந்தக் காரத்தில் மஞ்சளாகும், இழைக்கும் கடிக்கும்போது ஓர் எதிர்ப்பு வரும். வான்டன் மீயில் பெரும்பாலும் பன்றி இறைச்சியும் கொழுப்பும் இருக்கும் என்பதால், தவிர்ப்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழுக்கு வருவோம். நூடுல்ஸ் என்பது ஆங்கிலத்தின் பன்மை வடிவம் அப்படியே வந்தது. ஆங்கிலத்துக்கு அது 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய 'நூடல்' என்ற சொல்லிலிருந்து போனது. நம் 'நூல்' தான் நூடுல்ஸ் ஆயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. தமிழின் பெருமைக்கு இப்படிப்பட்ட முட்டுக்கொடுத்தல் தேவையும் இல்லை.

சீன இடியாப்பம் என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. இடியாப்பமும் சேவையும் அரிசி மாவைப் பிழிந்து செய்பவை. அவற்றுக்கு நெருங்கிய உறவு பீஹூன்தான், மீ அல்ல. பொதுச்சொல் வேண்டுமென்றால் 'மாவிழை' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. மாவும் இழையும் சேர்ந்த சொல். சீனச் சொல்லின் பழம்பொருளும் இன்றைய வடிவமும் அதில் அடங்கிவிடுகின்றன. கோதுமை மாவிழை, அரிசி மாவிழை என்று பிரிக்கவும் இடம் தருகிறது. பாடநூலிலும் செய்தியிலும் இது நன்றாகவே நிற்கும்.

உணவின் பெயரில் மட்டும் மீயை மாற்றக்கூடாது. தமிழில் ஏற்கெனவே ஒரு 'மீ' உண்டே என்று கேட்கலாம்; அது நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று, மேல் என்று பொருள்படும். மீமிசை என்பதில் இருப்பது அதுதான். ஒலி ஒன்று, சொல் வேறு. இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. 'மீ கோரெங்' என்ற பெயரில் மீ சீனம், வறுத்தல் என்ற பொருள் தரும் கோரெங் மலாய். அதைச் சீனரின் மஞ்சள் மீயில் மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு, தவ்ஹூ (சோயாக் கட்டி), முட்டை போட்டு வறுத்து ஊர் முழுக்கப் பரப்பியவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். அந்தக் கடைகளுக்கு மலேசியாவில் வழங்கும் 'மாமாக்' என்ற பெயரே நம் 'மாமா' தான். மூன்று சமூகங்கள் சேர்ந்து வைத்த பெயரை மாவிழை வறுவல் என்று மாற்றினால் அந்த வரலாறு உதிர்ந்துவிடும்.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கு ஒரு குறிப்பு: மலேசியாவில் பீஹூனை 'மீஹூன்' என்றும் சொல்வார்கள். அந்த 'மீ' அரிசியைக் குறிப்பது, கோதுமையை அல்ல. ஆனாலும் சோயா சாற்றில் பெரும்பாலும் கோதுமை சேர்ந்திருக்கும். பல கடைகளில் எல்லா இழையும் ஒரே கொதிநீரில்தான் வேகும்.