ட்ரோன் சர்வே தரும் உயரத்தை நம்பித் தண்ணீர் ஓடுமா?

ட்ரோன் சர்வேயிலிருந்து காண்டூர் வரைபடம், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடாக இணைத்துக் காட்டும் படம், கைக்கு வந்ததும் பலரும் படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் தேடுவது, இந்த உயரங்களை எதிலிருந்து அளந்தார்கள் என்று சொல்லும் வரியை. பல ரிப்போர்ட்டுகளில் அந்த வரியே இருக்காது. இருந்தாலும் வெறுமனே 'எம்.எஸ்.எல்.' (சராசரி கடல் மட்டம்) என்றிருக்கும், கடல் மட்டத்துக்கு எப்படி மாற்றினார்கள் என்ற விவரம் இருக்காது. வடிகால், கால்வாய், ஏரிக்கரை வேலைக்கு ட்ரோன் சர்வே கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் ஜிபிஎஸ் ரிசீவரை நிறுத்தி, எந்தத் திருத்தமும் செய்யாத உயரத்தைப் பாருங்கள், மைனஸ் எண்பது சொச்சம் மீட்டர் காட்டும். கருவியில் பழுது இல்லை. செயற்கைக்கோள் தரும் உயரம், பூமியை வழவழப்பான ஒரு நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொண்டு கணக்கிட்டது. கடல் அந்த உருண்டையைப் பார்த்து நிற்பதில்லை, புவியீர்ப்பு இழுக்கிறபடிதான் நிற்கிறது. பூமிக்குள் நிறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் ஈர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அலையும் காற்றும் நீரோட்டமும் இல்லாவிட்டால் கடல் எங்கே அடங்கி நிற்குமோ, அந்த மேடுபள்ளமான மட்டத்துக்குத்தான் ஜியாய்டு என்று பெயர். உலகத்திலேயே அது மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் நமக்குப் பக்கத்தில்தான், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர் பள்ளம். பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான, எடை குறைந்த பாறைப் பொருள்தான் இதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேவஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்.

சரி, எண்பது சொச்சத்தைக் கூட்டிவிட்டால் முடிந்ததே என்று சிலர் அப்படியே செய்கிறார்கள். ஒரு வீட்டு மனைக்கு அது போதும், நீளமான வேலைக்குப் போதாது. அந்தப் பள்ளத்தை நோக்கி ஜியாய்டு இறங்கிக்கொண்டே போவதால், சென்னையிலிருந்து தெற்கே போகப் போக கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் சேர்ந்துகொண்டே வரும், தரை சமமாகவே இருந்தாலும் வரைபடத்தில் தெற்கே சரிவதுபோலத் தெரியும். 20 கிலோமீட்டர் போனால் முப்பது சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் வாட்டத்தில் ஒரு கால்வாய் வடிவமைக்கிறவருக்கு இது சின்ன விஷயமா? தண்ணீர் நம் சாஃப்ட்வேரைக் கேட்டு ஓடப்போவதில்லை.

அதனால் எந்த இடத்தில் ஜியாய்டு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லும் ஜியாய்டு மாடல் போட்டுத்தான் மாற்ற வேண்டும். எந்த மாடல் என்பதும் முக்கியம், சில சாஃப்ட்வேர்களில் இஜிஎம்96 என்ற பழைய உலக மாடல் தானாகவே தேர்வாகி நிற்கும், அதற்கும் பின்னால் வந்த இஜிஎம்2008-க்கும் உள்ள வித்தியாசம் சில இடங்களில் சர்வேயின் மொத்தத் துல்லியத்தையே விழுங்கிவிடும். இஜிஎம்2008-ம் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்குக் குறைந்த மாற்றங்களைப் பார்க்காது. எந்த மாடலைப் போட்டாலும், வேலை நடக்கும் இடத்தின் இரண்டு முனையிலும் நடுவிலும் சர்வே ஆஃப் இந்தியா உயரம் குறித்து வைத்திருக்கும் பெஞ்ச் மார்க் கல்லிலிருந்து, ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து லெவல் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். ட்ரோன் காலத்தில் எதற்கு லெவல் என்று கேட்பவர்கள் உண்டு. லெவலின் ரசமட்டம் அந்த இடத்து ஈர்ப்புக்குத்தான் மட்டம் பார்க்கிறது, ஆகவே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்குத் தெரியும்.

இதுவரை சொன்னது உயரம். மலைப்பகுதியில் விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரையை அளக்கும் லைடார் எடுக்கும்போது இன்னொன்றும் சேர்கிறது. மலையின் நிறை தூக்குக்குண்டையே தன் பக்கம் இழுக்கும். 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிய நில அளவை வடக்கே போனபோது, கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையே தரை அளவைக்கும் நட்சத்திர அளவைக்கும் 5.24 விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை) இடித்தது, தரையில் சுமார் 160 மீட்டர். கல்கத்தாவின் பாதிரியார் பிராட் இமயமலையின் இழுப்பைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, வித்தியாசம் 15 விகலைக்கும் மேல் வந்திருக்க வேண்டும். மலைக்கு அடியில் எடை குறைவாக இருக்கிறது என்ற புரிதலுக்கு 1855-ல் வழி திறந்தது இந்தக் கணக்குதான்.

விமானத்தின் அசைவையும் சாய்வையும் அளக்கும் ஐஎம்யூ கருவிக்கும் அதே சிக்கல். விமானத்தின் முடுக்கத்தையும் ஈர்ப்பையும் அதனால் தனியாகப் பிரிக்க முடியாது, ஈர்ப்பு இவ்வளவு, இந்தத் திசையில் என்று ஒரு மாடலை நம்பித்தான் கழிக்கிறது. அசல் செங்குத்து 10 விகலை சாய்ந்திருந்து மாடலுக்கு அது தெரியாவிட்டால், சாய்வு சென்சாரின் தலையில் ஏறி, 1000 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் புள்ளி தரையில் 5 சென்டிமீட்டர் தள்ளி விழும். பெரிய மலைத்தொடர்களில் சாய்வு இதைப்போலப் பல மடங்கு. 100 மீட்டரில் பறக்கும் ட்ரோன்காரர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம், அரை சென்டிமீட்டர்தான்; அவர்கள் ஜியாய்டை ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

டெண்டரில் மாடலின் பெயர், பெஞ்ச் மார்க் விவரம், வரைபடக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் அளந்த சோதனைப் புள்ளிகள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், மாற்றுவதற்கு முந்தைய செயற்கைக்கோள் உயரங்கள் இருக்கும் ஃபைலையும் சேர்த்து வாங்கி வையுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல ஜியாய்டு மாடல் வந்தால், அந்த ஃபைல் இருந்தால் மறுபடி பறக்காமலே உயரங்களைத் திருத்திக்கொள்ளலாம்.