ஒரே பெயரில் பரப்பும் பேர்ச்சும்

போன மாதம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பைதன் என்ற கணினி மொழியில் தான் பொழுதுபோக்காக எழுதிய புரோகிராமைக் கொண்டுவந்து காட்டினார். காணி உறுதிகளில் உள்ள அளவுகளைக் கூட்டி, பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு பிரித்துக் காட்டுகிற சின்னப் புரோகிராம். கொழும்பில் இருக்கிற மருமகன் அதை வாங்கி, தானும் ஒரு சார்பு (ஒரு வேலையைச் செய்கிற சிறு பகுதி) எழுதிச் சேர்த்திருக்கிறார். அதற்குப் பிறகு கணக்குச் சரிவரவில்லை.

"தம்பி, நாலுதரம் பார்த்திட்டன். ஒரு பிழையும் தெரியேல்லை" என்றார்.

பைதனைப் பொறுத்தவரை பிழை எதுவும் இல்லைதான். ஆசிரியர் 'அளவு' என்று பெயர் வைத்த மாறியில், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கிற இடத்தில், இருந்தது பரப்பு என்ற காணி அலகு. மருமகன் அதே பெயர் வைத்த மாறியில் இருந்தது பேர்ச் என்ற இன்னொரு அலகு. இங்கே யாழ்ப்பாணத்தில் காணி பேசுகிறவர் பரப்பில் பேசுவார், கொழும்பில் பேசுகிறவர் பேர்ச்சில் பேசுவார். இருவரும் அவரவர் வழக்கப்படி எழுதியிருக்கிறார்கள். 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். 4 பரப்புக் காணியையும் 25 பேர்ச் காணியையும் கூட்டினால் ஆறரைப் பரப்பு வரவேண்டும். புரோகிராம் 29 என்று காட்டியது. 'அளவு_பரப்பு', 'அளவு_பேர்ச்' என்று எழுதியிருந்தால், கூட்டுகிற வரியை வாசித்த உடனேயே கண்ணில் பட்டிருக்கும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் இறாத்தல் விசைக் கணக்கில் கொடுத்த எண்ணை மற்றது நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டதுதான்.

நான் மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டு 15 வருடமாகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில், ஆர்வத்துக்காகக் கோட் எழுதுகிற சிலர் கூடுவோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள், வங்கியில் வேலை செய்கிறவர், பாமசி வைத்திருப்பவர் என்று பலவகையானவர்கள். எழுதியதை ஒருவருக்கொருவர் கொடுத்துத் திருத்துவோம்.

அங்கே முதலில் எழுகிற சண்டை எப்போதும் ஒன்றுதான்: மாறியின் பெயரில் சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு போடுவதா, அல்லது ஒட்டகத் திமில்போல இடையிடையே பெரிய எழுத்து வைப்பதா? ஜாவா மொழி படித்து வந்தவருக்கு ஒட்டகப் பாணி பழக்கம். பைதனுக்கு 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற வழிகாட்டி, மாறிகளுக்கும் சார்புகளுக்கும் சிறிய எழுத்தும் அடிக்கோடும் சொல்கிறது. ஒரு பின்னேரம் முழுவதும் வாதாட அதில் ஒன்றும் இல்லை. அந்த மொழியின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; ஏற்கெனவே உள்ள புரோகிராமில் வேறு வழக்கம் இருந்தால் அதையே தொடருங்கள். ஒரே கோப்புக்குள் ஒரே முறை இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயர் வைக்கிறோம். யாழ்ப்பாணத்தின் ழகரத்துக்கு நாங்கள் ஆர், எல் இரண்டையும் சேர்த்துப் போடுவோம். தமிழ்நாட்டில் இசட், எச் போடுவார்கள். பலர் வெறும் எல் மட்டும் போடுவார்கள். பாமசிக்காரர் தன் பில் புரோகிராமின் தொடக்கத்தில் 'கழிவு' (விலைக் குறைப்பு) என்ற மாறியை வெறும் எல் போட்டு எழுதி, பூச்சியம் கொடுத்திருந்தார். கழிவைக் கணிக்கிற பகுதியைத் தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் வாங்கினார். அதில் இசட், எச். பைதனில் மாறியை முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. புதிய எழுத்துக்கூட்டலைக் கண்டதும் அது பேசாமல் இன்னொரு மாறியை உண்டாக்கிவிடும். கணித்த கழிவு ஒரு மாறியில் போய் இருந்தது, பில்லில் அச்சானது மற்ற மாறி. வயதானவர்களுக்குத் தருவதாகச் சொன்ன கழிவு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பாஸ்கல் மொழியில் எழுதியிருந்தால், அறிவிக்காத மாறி என்று அங்கேயே நின்றிருக்கும்.

"அப்ப தமிழிலேயே பெயர் வைச்சால் என்ன அண்ணா?" என்று உயர்தர வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டாள். வைக்கலாம். பைதன் 3 அதை ஏற்கும். ழகரச் சிக்கலும் தீர்ந்துவிடும். ஆனால் 'கொ'வைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கக்கூடும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பைதன் மாறிப் பெயர்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழி அப்படிச் செய்யாது, இரண்டு வேறு மாறிகளாக வைத்துக்கொள்ளும். வேறுவேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்கிறவர்கள் சேர்ந்து எழுதும்போது இதை மனதில் வைத்திருங்கள்.

ஆட்களின் பெயர் இன்னொரு சிக்கல். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், சொந்தப் பெயர் பின்னுக்கு வரும். பழைய மாணவர் பட்டியல் ஒன்றை இரண்டுபேர் பிரித்து எழுதினார்கள். 'முதற்பெயர்' என்ற மாறியில் ஒருவர் முன்னுக்கு இருந்த தகப்பன் பெயரை வைத்தார், மற்றவர் சொந்தப் பெயரை வைத்தார். அழைப்பிதழ்கள் தகப்பன்மாரின் பெயருக்குப் போயின. அவர்களில் சிலர் உயிரோடு இல்லை. அந்த வீடுகளில் அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றிலிருந்து 'சொந்தப்பெயர்', 'தகப்பன்பெயர்' என்று எழுதாத எந்தப் புரோகிராமையும் நான் ஏற்பதில்லை.

இலங்கை அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். 'இலக்கம்' என்று பெயர் வைத்ததும் கை தானாக முழு எண் வகையைத் தெரிவுசெய்கிறது. 2016இலிருந்து வருகிற அட்டையில் 12 இலக்கம், சரி. பழைய அட்டையில் 9 இலக்கத்துக்குப் பின்னால் வீ அல்லது எக்ஸ் எழுத்து இருக்கிறதே!

பிறர் எழுதிய புரோகிராமைத் திருத்தும்போது பெயர் மாற்றத்தையும் கணக்கு மாற்றத்தையும் சேர்த்துச் செய்யாதீர்கள். எது எதைக் குழப்பியது என்று பிறகு பிரிக்க முடியாது. பெயரைத் தேடி மாற்றவும் வேண்டாம், 'அளவு' என்று தேடினால் 'அளவுகோல்' என்பதும் சேர்ந்து மாறும். கோட் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் என்ற செயலியில், பெயரின்மேல் வைத்து எஃப் 2 விசையை அழுத்தினால் அந்த மாறி மட்டும் மாறும்.

ஆசிரியருக்கு அன்று நான் சொன்னது, ஒரு கொப்பியில் சொற்பட்டியல் எழுதச் சொல்லி: எந்தப் பொருளுக்கு எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டல், எந்த அலகு. "சேர், நீங்களும் மருமகனும் அதைத் தாண்டி ஒரு பெயரும் வைக்கக்கூடாது" என்றேன். அவர் அங்கேயே இருந்து ஒரு பக்கம் எழுதி, படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். உறுதிகளில் பரப்போடு குழியும் வரும் என்பதால் அதையும் தமிழில் எழுதியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மருமகனிடமிருந்து பதில் வந்தது: "மாமா, குழிக்கு ழகரம் எந்த எழுத்தில போடுறது? ஆர், எல்லோ?"