ஐப்பசியில் இழைத்த ஜன்னல்

ஐப்பசி அடைமழை பிடித்து இரண்டு வாரத்தில் மர ஜன்னல் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடுவோம். சித்திரையில் பார்த்தால் அதே இடத்தில் பென்சில் நுழையும் சந்து. சில பலகைகள் அதோடும் நிற்காமல் ஓடு கவிழ்த்தாற்போல வளைந்துவிடும். மரக்கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் மரத்தின் மேல் குற்றமில்லை.

அறுத்து எத்தனை வருடமானாலும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரத்தின் உலர் எடையில் சுமார் 9 சதவீதம் நீர் தங்கும். 80 ஆனால் 16ஐ நெருங்கும். செல்சுவரில் உள்ள செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே இந்த நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது. இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் கிடப்பதால் பலகை நீளத்தில் அநேகமாக மாறாது, அகலத்தில்தான் உப்பும். அடக்கமான தேக்கிலேயே 30 செ.மீ. அகலப் பலகை ஏறக்குறைய 4 மி.மீ. வரை கூடிக் குறையலாம்.

வளைவதற்குக் காரணம் வேறு. வளர்ச்சி வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் சுமார் இரு மடங்கு. பலகையின் தலைப்பை, அதாவது அறுத்த முனையைப் பாருங்கள். வளையங்கள் வில்லாகத் தெரிந்தால், காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும். பட்டைப் பக்கம் குழியும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை இவ்வளவு வளையாது. அப்படி அறுக்கையில் கழிவு அதிகம், விலையும் கூடும். அகலமான ஜன்னலுக்கு அந்தச் செலவு தகும்.

நல்ல பலகையையும் நாம் கெடுப்பது பெயிண்டில்தான். கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு இரண்டு கோட், பின்பக்கத்துக்கு ஒன்று, கீழ் விளிம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு முகம் ஈரம் குடிக்க, மறு முகம் அப்படியே இருக்க, பலகை வளையாமல் என்ன செய்யும்? அறுத்த தலைப்புகள் முகத்தைவிட மிக வேகமாக நீரை உறிஞ்சும். ஆகவே கதவை மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் ஒரே அளவு பூசச் சொல்லுங்கள். பழைய தச்சர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பலகையைப் பசை போடாமல் அதற்குள் செருகினார்கள். உப்பவும் சுருங்கவும் உள்ளே இடமிருக்கும்; நிமிர்த்திப் பிடிக்கச் சட்டமும் இருக்கும்.

வளைந்துபோனதை நிமிர்த்த, கதவைக் கழற்றிக் குழிந்த முகத்தின் மேல் ஈரத்துணி போடுங்கள்; மேடான முகம் இளவெயிலைப் பார்க்கட்டும். குழிந்த பக்கம் உப்ப, மறுபக்கம் சுருங்க, பலகை மெல்ல நிமிரும். மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும்; விட்டால் எதிர்ப்பக்கம் வளையும். நிமிர்ந்ததும் இருபுறமும் காற்றுப் படும்படி ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) மேல் கிடத்தி, சில நாள் நிழலில் உலர்த்திப் பிறகு பூசலாம். மேடான முகத்தை இழைத்துச் சமன் செய்ய அவசரப்படாதீர்கள். மரம் மெலிந்தால் அடுத்த மழைக்கு இன்னும் எளிதாக வளையும்.

நான்கு மூலையும் நான்கு திசையில் முறுக்கிக்கொண்ட பலகைக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது. ரேகையே, அதாவது இழைகளின் ஓட்டமே, சுழன்று வளர்ந்த மரம் அது. நீளவாக்கில் கீற்றுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் நேராக இழைத்து, ஒன்றுவிட்டு ஒன்று புரட்டி ஒட்டினால் ஜன்னலுக்குத் திரும்பலாம்.