காசநோய் என்று தெரிந்த பிறகும் ஏன் மறுபடி கொலனோஸ்கோபி?

வலது அடிவயிற்றில் கட்டியோடு இருந்த தந்தைக்குக் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து, திசுப் பரிசோதனையில் காசநோய் என்று முடிவு வந்து, மாத்திரையும் தொடங்கிவிட்டார்களாம். இரண்டு மாதம் கழித்து மீண்டும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வது எதற்காக என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குடலில் காசநோய் இருப்பது, அங்கே புற்றுநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சளியோடு விழுங்கப்படும் காசநோய்க் கிருமி பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் தங்குகிறது. அதே இடத்தில் புற்றுநோயும் தோன்றலாம். எடை குறைவு, ரத்தசோகை, கட்டி என இரண்டும் ஒரே முகம் காட்டும்.

கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு, கிருமி இருக்கும் பையைச் செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமோடு இணைத்து அதை அழித்துவிடுவது வழக்கம். காசநோய்க் கிருமியோ அந்த இணைப்பையே தடுத்து, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. கொல்ல முடியாத கிருமியை உடல் சிறை வைக்கிறது: மேக்ரோஃபேஜ்கள் உருமாறி நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன, சில ஒன்றாகக் கலந்து, உட்கருக்கள் குதிரை லாடம்போல் விளிம்பில் வரிசைகட்டும் லாங்ஹான்ஸ் ராட்சத செல்களாகின்றன, சுற்றிலும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் காவல் நிற்க, நடுவில் திசு மடிந்து பாலாடைக்கட்டிபோல் ஆகிறது. கிரானுலோமா எனப்படும் இந்தச் சிறையை, கொத்தனாரும் மேஸ்திரியும் இல்லாமல் செல்களே கட்டிக்கொள்வது எனக்கு இன்றும் தீராத வியப்பு. ஆனால் டிஎன்எஃப் என்ற புரதச் சமிக்ஞை தொடர்ந்து வந்தால்தான் மதில் நிற்கும். மூட்டழற்சிக்காக அதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு உறங்கிய காசநோய் விழித்துக்கொள்வது அதனால்தான். புற்றுநோயால் உடல் நலிந்தாலும், கீமோதெரபியால் டி செல்கள் குறைந்தாலும் காவல் தளரும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கொலனோஸ்கோபி இடுக்கி கிள்ளி எடுப்பது சில மில்லிமீட்டர் திசு. அது கிரானுலோமாவில் பட்டால் அறிக்கை காசநோய் என்று வரும். அருகிலிருக்கும் புற்று சிக்காமலே போகலாம். மறுபுறம், காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் புற்று பரவியதுபோல் தோன்றும். இரண்டுமே குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சுவதால் குளுக்கோஸ் சேரும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேனிலும் ஒன்றுபோல் ஒளிரும். அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடியவரை முற்றிய நோயாளி என்று தவறாகக் கணிக்க இது போதும். இத்தனை நுணுக்கமான வயிற்றுக் கட்டியைக் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி உருவி, மாதங்களை வீணாக்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரியான மருந்து எடுத்தால் காசநோய்ப் புண்கள் இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் ஆறத் தொடங்கிவிடும். ஆறாவிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியா, புற்றா என்று மீண்டும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் உறுதியானால் மருந்துகளையும் ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கிறது: காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால், பெருங்குடல் புற்றுக்குத் தரப்படும் இரினோடெகான் உடலில் இருக்க வேண்டிய அளவு குறைந்துவிடக்கூடும்.