இருபத்தொன்பது வயது முகம் பதினாறாகத் தெரிவது எப்படி?

1990 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘பெவர்லி ஹில்ஸ், 90210’ தொடர் ஆரம்பமானது. அதில் பள்ளிப் பத்திரிகையை நடத்தும் மாணவி ஆண்ட்ரியாவாக வந்த கேப்ரியல் கார்ட்டெரிஸ் 1961 ஜனவரியில் பிறந்தவர். முதல் எபிசோட் ஒளிபரப்பான நாளில் அவருக்கு வயது 29. லூக் பெர்ரிக்கு 24 ஆக ஒரு வாரம் பாக்கி. ஷானன் டோஹர்ட்டிக்கு 19, டோரி ஸ்பெல்லிங்குக்கு 17. பன்னிரண்டு வயது இடைவெளி உள்ளவர்கள் ஒரே பள்ளியின் பிள்ளைகளாக வலம் வந்தார்கள். கோடிக்கணக்கான பேர் அதை நம்பிப் பார்த்தார்கள்.

முகச் சுருக்கத்தை மேக்கப் மறைத்துவிடும், அதனால்தான் இது முடிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 29 வயதில் மறைக்கும் அளவுக்குச் சுருக்கமே இருக்காது. 16க்கும் 29க்கும் உள்ள வேறுபாடு எலும்பில், கன்னக் கொழுப்பில், நிறத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, பக்கத்தில் நிற்பவர் யார் என்பதில் இருக்கிறது.

பதின்வயதினரையே நடிக்கவைக்காமல் இவ்வளவு சிரமப்படுவதற்குக் காரணம் சட்டமும் கால்ஷீட்டும்தான். கலிஃபோர்னியாவில் 16, 17 வயதுள்ள நடிகர் பள்ளி நாட்களில் படப்பிடிப்புத் தளத்தில் 10 மணி நேரம்தான் இருக்கலாம். அதில் வேலை 6 மணி நேரம், படிப்பு 3 மணி நேரம், ஓய்வு 1 மணி நேரம். 9 முதல் 15 வயது வரை வேலை நேரம் 5 மணியாகக் குறைகிறது. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் தளத்திலேயே இருக்க வேண்டும். படிப்பு 20 நிமிடத்துக்குக் குறையாத துண்டுகளாக நடந்தால்தான் கணக்கில் சேரும்; விளக்கு மாற்றும் பத்து நிமிட இடைவெளியில் பாடத்தை முடித்துவிட முடியாது. மறுநாள் பள்ளி என்றால் இரவு 10 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

பெரியவர்களுக்கு 12 மணி நேர நாள் என்பது அங்கே சாதாரணம். ஒரு மணி நேர எபிசோடை எட்டு நாளில் எடுப்பதாக வைத்துக்கொண்டால், பெரிய நடிகரிடமிருந்து சுமார் 96 மணி நேரம் கிடைக்கும். 16 வயது நடிகரிடமிருந்து 48தான். ஆண்டுக்கு 22 எபிசோட் தர வேண்டிய தயாரிப்பாளருக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். நெருக்கமான காட்சிகளைச் சிறார்களை வைத்து எடுக்கச் சட்டம் இடம் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 16 வயதில் பள்ளித் தேர்ச்சிக்கு இணையான மாநிலத் தேர்வில் தேறியவர்களைப் பெரியவர்களின் நேரக் கணக்கில் அமர்த்தலாம் என்றொரு விதிவிலக்கு உண்டு. அப்படித் தேறியவர்களுக்கு ஆடிஷனில் தனி மவுசு.

இன்னொரு சிக்கல் வளர்ச்சி. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் பையன் ஒரே வருடத்தில் 9 சென்டிமீட்டருக்கு மேல்கூட உயர்வான். குரல் உடைந்து ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் உண்மையான சிறுவர்களை வைத்து 2016இல் தொடங்கி 2025இல் முடிந்தது. கதைக்குள் ஓடியது 1983 முதல் 1987 வரை நான்கே வருடம். 2002 டிசம்பரில் பிறந்த ஃபின் வுல்ஃப்ஹார்ட் முதல் சீசனில் தன் வயதுக்கேற்ற பாத்திரத்தில் இருந்தார். கடைசி சீசன் வெளிவரத் தொடங்கியபோது 22 வயதில் பள்ளிப் பையனாக நின்றார். 22 வயதில் சேர்ந்த நடிகர் 27இலும் கிட்டத்தட்ட அதே முகத்தோடு இருப்பார். தயாரிப்பாளர் காசு கொடுத்து வாங்குவது அந்த மாறாமையைத்தான்.

இனி முகத்துக்கு வருவோம். குழந்தையின் மண்டையில் நெற்றி பெரிது, கண்கள் முகத்தின் பாதிக்கும் கீழே இருக்கும், மூக்கு குட்டை, மோவாய் சிறிது. வளர வளர முகத்தின் கீழ்ப்பாதி முன்னும் கீழுமாக நீள்கிறது. 1975இல் பிட்டெஞ்சர், ஷா என்ற இரு உளவியலாளர்கள் தலையின் பக்கவாட்டுக் கோட்டோவியம் ஒன்றை எடுத்து, இந்த வளர்ச்சியை ஒத்த கணிதச் சூத்திரத்தால் படிப்படியாக உருமாற்றிக் காட்டினார்கள். தோலும் இல்லை, முடியும் இல்லை, வெறும் கோடு. பார்த்தவர்கள் அந்தக் கோட்டுக்கே வயது வரிசை சொன்னார்கள். நம் கண் வயதை முதலில் விகிதத்தில்தான் படிக்கிறது.

நடிகர் தேர்வின் ரகசியமும் இதுதான். பெண்களின் முக எலும்பு 15, 16 வயதுக்குள் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும். ஆண்களுக்குக் கீழ்த்தாடை 18ஐத் தாண்டியும் வளரும். அதனால் சிறிய மோவாயும் உருண்ட கன்னமும் உள்ள 25 வயதுப் பெண் 16 ஆகத் தெரிவது எளிது. அகன்ற தாடையுள்ள 25 வயது ஆண் அப்படித் தெரிவது கடினம். உயரமும் உதவும். ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் 17 வயது மார்ட்டியாக நடித்தபோது மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 23 வயது. அவர் உயரம் 163 சென்டிமீட்டர்தான். எலும்பு சரியாக அமைந்த நடிகர் கிடைத்துவிட்டால் மேக்கப் அறையின் வேலை பாதியாகிவிடும். அமையாவிட்டால் எந்த மேக்கப்பும் காப்பாற்றாது.

அடுத்தது நிறம். உதட்டுச் சிவப்பு, புருவக் கருமை ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான வேறுபாடு வயதோடு மங்குகிறது. வேறுபாடு கூடுதலாக இருந்தால் முகம் இளமையாகத் தெரிகிறது. அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியைச் சேர்ந்த ரிச்சர்ட் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் நன்றாக மேக்கப் போட்டால் இளமை கூடும் என்றுதானே தோன்றும்? 2018இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. மேக்கப் 40, 50 வயதுப் பெண்களை இளமையாகக் காட்டியது. 30 வயதினரிடம் மாற்றமில்லை. 20 வயதினரை மூத்தவர்களாகக் காட்டியது. மேக்கப் போடுவது பெரியவர்கள் என்ற பழக்க அறிவும் நம் கண்ணோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்கிறது.

ஆகவே 24 வயது நடிகையைப் பள்ளி மாணவியாக்க மஸ்காராவையும் லிப்ஸ்டிக்கையும் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். முகம் முழுக்க ஃபவுண்டேஷன் பூசினால் தோலின் இயல்பான ஈரமினுப்பு செத்துப்போகும். தேவையான இடத்தில் மட்டும் மெல்லிதாகத் தொட்டு, மூக்குப் பக்கவாட்டுச் சிவப்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் மட்டும் சமன்செய்ய வேண்டும். பவுடர் நெற்றிக்கும் மூக்குக்கும் போதும். கன்னம் மினுங்க வேண்டும். கன்னத்தில் கிரீம் வகைச் சிவப்பை எலும்புக்கு மேலே இழுக்காமல், சிரிக்கும்போது உருண்டு எழும் சதையின் மேல் வைத்தால் முகம் உருண்டையாகத் தெரியும். பக்கவாட்டில் நிழல் கொடுத்துக் கன்னத்தை ஒடுக்குவது பெருந்தவறு; ஒடுங்கிய கன்னம் வயதைக் கூட்டும்.

ஆண்களிடம் காட்டிக்கொடுப்பது தாடி. வழித்த பிறகும் தோலுக்கடியில் நிற்கும் முடி வெளிர் தோலில் நீலமாகவும் மாநிறத்தில் சாம்பலாகவும் தெரியும். படப்பிடிப்புக்குச் சற்று முன் ஒரு தடவை, மதிய உணவுக்குப் பின் இன்னொரு தடவை ஷேவ் செய்ய வேண்டும். நிழல் தெரியும் இடத்தில் மட்டும் திருத்தும் நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி, அதன்மேல் தோல்நிறம் வைப்பார்கள். வெளிர் தோலுக்கு பீச் நிறம், நம்மைப் போன்ற மாநிறத்துக்குச் செம்மஞ்சள். திருத்து நிறத்தைத் தடவித் தேய்த்தால் மேல்பூச்சோடு கலந்து முகவாய் முழுக்க ஆரஞ்சு படிந்துவிடும். நெற்றி முடிக்கோடும் பதின்வயதின் கடைசியில் தொடங்கி மெல்ல மேலேறும். பள்ளிப் பையன்களாக வரும் நடிகர்களின் முடி அடிக்கடி நெற்றியில் விழுந்துகிடப்பதற்கு இது ஒரு காரணம். முகத்தைச் சரிசெய்துவிட்டுக் கையை மறப்பவர்களும் உண்டு. புறங்கையில் நரம்பு புடைத்த ‘மாணவன்’ பேனா பிடிக்கும் க்ளோசப் அத்தனை உழைப்பையும் கெடுத்துவிடும்.

கேமராவும் எலும்பு விகிதத்தோடு விளையாட முடியும். கண் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து எடுத்தால் நெற்றியும் கண்ணும் பெரிதாகி மோவாய் சிறுக்கிறது. அதாவது முகம் குழந்தை விகிதத்தை நோக்கி நகர்கிறது. லோ ஆங்கிள் அதற்கு நேர்மாறு. முகத்துக்கு மிக அருகில் அகல லென்ஸ் வைத்தால் மூக்கு பெருத்து வயது ஏறும். வெளிச்சம் பெரிய பரப்பிலிருந்து, லென்ஸுக்கு அருகிலிருந்து வர வேண்டும். வகுப்பறைக் கூரை விளக்கை அப்படியே பயன்படுத்தினால் கண்ணுக்குக் கீழும் மூக்கோரத்திலும் நிழல் விழுந்து, மாணவியின் அக்கா வந்து உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும்.

1990இன் தொலைக்காட்சிக்கு இருந்த வசதி இன்று இல்லை. அன்றைய அமெரிக்க ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் சுமார் 480. 22 சென்டிமீட்டர் நீளமுள்ள முகம் திரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பினால், ஒரு கோட்டுக்குள் கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் தோல் அடங்கும். கண்ணோரத்து மெல்லிய ரேகை அதற்குள் கரைந்துபோகும். 1080 கோடுகள் உள்ள எச்.டி.யில் அது 0.6 மில்லிமீட்டர், 4கே திரையில் 0.3. கார்ட்டெரிஸ் அன்று தப்பிய இடத்தில் இன்றைய நடிகை தப்ப முடியாது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது பக்கத்து முகம். ஒரு முகத்தின் வயதைக் கணிக்கும்போது, அதற்கு முன் பார்த்த முகத்தின் வயதை நோக்கி நம் கணிப்பு இழுபடுகிறது என்று 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கோலின் கிளிஃபோர்ட், தமாரா வாட்சன், டேவிட் வைட் காட்டினார்கள். வகுப்பறை முழுக்க 22 முதல் 26 வயது முகங்களாக இருந்தால் ஒருவரும் துருத்திக்கொண்டு தெரியமாட்டார், அளவுகோலே இருக்காது. அதனால்தான் பின்வரிசையில் உட்காரும் துணை நடிகர்களைக்கூட ‘18 நிரம்பியவர், ஆனால் குறைவாகத் தெரிபவர்’ என்று கேட்டு எடுக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நிஜப் பள்ளி மாணவர் இருபது பேரைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டால் நாயகன் உடனே அவர்களின் ஆசிரியராகிவிடுவான்.

இந்த ஏற்பாட்டின் செலவு பார்க்கும் பிள்ளைகள் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். 12 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் முகப்பரு வரும் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் கணக்கு. திரையில் பள்ளிக்கூடம் முழுக்கப் பருவில்லாத, தோள் அகன்ற, இடுப்பு எலும்பு வளர்ந்து முடிந்த 16 வயதுகளைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் உடம்புதான் தவறாகப்படும். அது ஒப்பிடுவது தன்னைவிடப் பத்து வருடம் மூத்த உடலோடு என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது.

பக்கத்து முகத்தின் விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தியது 2019இல் ஹுலு தளத்தில் வந்த ‘பென்15’ தொடர். 1987இல் பிறந்த மாயா எர்ஸ்கினும் ஆனா காங்கிளும் அதில் 13 வயதுச் சிறுமிகள்; உடன் படிக்கும் பிள்ளைகளாக வந்தவர்களோ நிஜமான பதின்வயதினர். ஒருவருக்குக் கிண்ண வெட்டு முடி, இன்னொருவருக்குப் பல்கம்பி, மார்பை இறுக்கிக் கட்டும் துணி, கூன் போட்ட தோள். இத்தனைக்குப் பிறகும் முதல் சில நிமிடங்கள் இருவரும் பெரியவர்களாகவே தெரிவார்கள். பிறகு நடையும் பேச்சும் கண்ணை மெல்ல மாற்றிவிடும். இரு நாயகிகளும் 31 வயதுக்காரர்கள் என்பதால் முத்தக் காட்சிகளில் சிறுவர்களுக்குப் பதிலாகப் பெரியவர்களை நிறுத்தியே எடுத்தார்கள்.