தையல் பிரித்ததோடு கை வைத்தியம் முடிவதில்லை

மதுரையில் கப்பலூர், கே.புதூர் பக்கம் பட்டறைகளில் பிரஸ்ஸிலோ கட்டிங் மெஷினிலோ கையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் பலர், ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று பிசியோதெரபிக்கு வரும்போது, தைத்த தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்) பக்கத்துச் சதையோடு ஒட்டி இறுகிக் கிடக்கும். சிலருக்கு அதைப் பிரித்துவிட இன்னொரு ஆபரேஷனே தேவைப்படும்.

விரலை மடக்கும் தசைநாணைத் தைத்திருந்தால், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, ஸ்பிளிண்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் மட்டை) போட்டபடியே, சொல்லிக்கொடுத்த அளவுக்கு மட்டும் அசைக்க ஆரம்பிக்க வேண்டும். அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், அளவுக்கு மீறினால் அறுந்துவிடும். அதனால்தான் ஸ்பான்ஞ் பந்தைப் பார்த்தாலே எனக்குப் பயம். பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று மூன்றாவது வாரத்திலேயே வாங்கி அமுக்குவார்கள். உள்ளே ‘டப்’பென்று ஏதோ விட்டது போல இருக்கும், அவ்வளவுதான், அதுவரை நன்றாக மடங்கிய விரல் நீட்டியபடியே நின்றுவிடும். எண்ணெய் போட்டு இழுத்து நீவுவதும் அந்தச் சமயத்தில் இதே ஆபத்துதான். பாரம் தூக்க, இறுக்கிப் பிடிக்க எப்படியும் 12 வாரம் ஆகும்.

நரம்பும் அறுந்திருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டவருக்கு விரல் நுனிவரை உணர்ச்சி எட்ட ஆறு மாதத்துக்கு மேலாகலாம். அதுவரை டீ டம்ளரை அந்தக் கையால் பிடிக்கவே கூடாது. சூடு தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்து, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சுட்டதையே கவனிக்கிறார்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதை நேரடியாக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து உடனே கிளம்புங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. ஒட்டவைத்த விரலுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், பீடி சிகரெட் அந்த ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், அதனால் ஒன்றுகூட வேண்டாம்.

அப்புறம், வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே என்று கட்டோடு வேலைக்குத் திரும்புகிறவர்களைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை. ஆனால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால், வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்தை அன்றைக்கே பட்டறையில் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.